கேளுங்க பெரியப்பா! – பழைய சிரிப்புப் பட ஸ்டில் சிறப்பிதழ்

போன இதழில் யாரோ ஒருவர் லாரல்–ஹார்டி ஸ்டில் பற்றி ஒரு வரி கேட்கப் போக, தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்குக் கடிதங்கள். ஆகவே இந்த வாரம் அரசியல், ஆன்மிகம், அஜீரணம் எதற்கும் பதில் கிடையாது.

கே: ஸ்டில் என்பது படச்சுருளில் ஒரு கட்டத்தை வெட்டிப் பெரிதாக்கியதுதானே? அதற்கு ஏன் இத்தனை அலட்டல்? – தஞ்சாவூர் வாசகர்

ப: சுருளில் ஒரு கட்டம் ஓர் அங்குல அகலம்கூட இல்லை. பெரிதாக்கினால் சாப்ளின் மீசை எது, தூசி எது என்று சண்டை வரும். 1920களின் ஹாலிவுட்டில் ஸ்டில்லுக்கென்றே தனி ஆள், தனி கேமரா, 8-க்கு 10 அங்குல நெகட்டிவ். டைரக்டர் ‘கட்’ சொன்னதும் இவர் ஸ்டாண்டை நாட்டி, ‘யாரும் அசையாதீங்க’ என்பார். ஹார்டி மறுபடி ஒருமுறை விழுந்து, விழுந்த இடத்திலேயே இருப்பார். அந்த நெகட்டிவைத் தாளோடு சேர்த்து ஒளி காட்டினால் அதே அளவில் பிரிண்ட். பெரிதாக்கும் வேலையே இல்லாததால் கோட்டின் நூலை எண்ணலாம். அதாவது உங்கள் கையில் இருக்கும் அந்தக் கணம் படத்தில் இருக்கவே இருக்காது. படத்துக்கு ஒருமுறை, உங்களுக்கு ஒருமுறை என்று தனித்தனியாக நடித்திருக்கிறார்கள்.

கே: அப்படியானால் ஸ்டில் பொய்தானே? – கும்பகோணம் வாசகி

ப: விளம்பரம். பொய்க்கு ஒன்றுவிட்ட தம்பி.

கே: ஹரால்ட் லாயிட் கடிகாரத்தில் தொங்கும் ஸ்டில் வைத்திருக்கிறேன். எல்லோரும் பார்த்ததுதானே, அதில் புதிதாக என்ன இருக்கிறது? – மதுரை வாசகர்

ப: கடிகாரத்தை விடுங்கள். வலது கையைப் பாருங்கள்.

1919 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. குண்டின் திரியில் சிகரெட் பற்றவைப்பதுபோல லாயிட் போஸ் கொடுத்தார். பொம்மைக் குண்டு என்று நினைத்துக் கையில் எடுத்தது நிஜமாகவே வெடித்தது. வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. கண் பார்வை தப்பியது அதிர்ஷ்டம். அதன் பிறகு, போன விரல்களைப் பொய்யாக வைத்துத் தைத்த சதைநிறக் கையுறை மாட்டிக்கொண்டுதான் நடித்தார். ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் (1923) கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குபவருக்கு எட்டு விரல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டடத்தில் தொங்கியபோது அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டில்லுக்குப் போஸ் கொடுத்தபோதுதான் வெடித்தது.

கே: ஐயையோ பெரியப்பா, என் ஸ்டில்லில் இடது கைதானே விறைப்பாக இருக்கிறது! – அதே மதுரை வாசகர்

ப: பதறாதீர்கள். கோட்டு பட்டனைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும். அது மாறியிருந்தால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். லாயிடுக்குக் கை மாறவில்லை. டார்க் ரூமில் இருந்தவருக்குத் தூக்கம்.

கே: 1925-ம் வருஷத்து ஸ்டில் என்று ஒருவர் விற்கிறார். ஒரிஜினல்தானா என்று பார்க்க எளிய வழி உண்டா? – கோயம்புத்தூர் வாசகர்

ப: முதலில், பேச்சில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் செருப்பைத் தேடுங்கள், கிளம்புவதற்கு.

அடுத்து விளக்கு. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கி, இருட்டறையில் ஸ்டில்லின் பின்பக்கம் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. துணி துவைக்கும் பவுடரில் கலக்கிற வகையறாதான். போட்டோத் தாளுக்கு அது வந்தது 1950களில். 1925-ல் கழுவிய பிரிண்டுக்கு 1950களின் தாள் எங்கிருந்து வந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். நல்ல கதை கிடைக்கும். ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் குதிக்க வேண்டாம். வெளுப்பூட்டாத தாள் பிற்காலத்திலும் உண்டு.

பிறகு, ஸ்டில்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பான இடங்களிலும் ஓரங்களிலும் வெள்ளிப் பூச்சு மினுங்கினால் நல்ல சகுனம். படத்துக்குள் இருக்கும் வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவது அது. அவசரத்தில் வராது. தாளே பிளாஸ்டிக் தோல் போர்த்தியதாக இருந்தால் 1960களின் கடைசிக்கு முன்னால் போகவே போகாது.

கே: முகர்ந்து பார்த்தே வயசு சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு வியாபாரி... – பொள்ளாச்சி வாசகர்

ப: ஸ்டில்லின் வயசையா, உங்கள் பர்ஸின் கனத்தையா?

கே: சாப்ளினும் ஆலிவர் ஹார்டியும் ஒரே ஸ்டில்லில் நிற்கிறார்கள். அரிய பொக்கிஷம் என்று விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? – புதுச்சேரி வாசகர்

ப: ஹார்டி நிஜம். சாப்ளின் டூப். அவர் பெயர் பில்லி வெஸ்ட். அதே தொப்பி, அதே தடி, அதே மீசை, அதே வாத்து நடை. 1917, 18-ல் ‘கிங் பீ’ கம்பெனிக்காக சாப்ளினை அச்சடித்தாற்போல நடித்துத் தள்ளினார். அந்தப் படங்களில் குண்டு வில்லன் நம் ஹார்டி. லாரலோடு ஜோடி சேர இன்னும் பல வருஷம் இருந்தது.

சாப்ளினும் ஹார்டியும் சேர்ந்து நடித்த படம் ஒன்றும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சாப்ளினோடு உண்மையிலேயே தொடர்பு உள்ளவர் லாரல்தான். ஃப்ரெட் கார்னோ நாடகக் குழுவில் சாப்ளினுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஏறுவதற்குத் தயாராக வைத்திருந்த மாற்று ஆள் அவர். 1910-ல் ஒரே கப்பலில் அமெரிக்கா போனார்கள். ஆனால் ஒரே படத்தில் இல்லை.

ஸ்டில்லை வாங்குங்கள், பில்லி வெஸ்ட் விலைக்கு. அதுவும் சுவாரசியமான துண்டுதான்.

கே: பழைய ஸ்டில்களில் சிலருக்குக் கண்ணே வெள்ளையாகப் பேய் மாதிரி இருக்கிறதே? – நாகர்கோவில் வாசகி

ப: பேய் இல்லை, நீலக் கண். அந்தக் காலப் படச்சுருள் நீலத்தை வெள்ளையாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதியும். ஸ்டான் லாரலுக்கு வெளிர்நீலக் கண். ஆரம்பப் படங்களில் விழியே இல்லாதவர் போலத் தெரிந்தார். 1920களின் நடுவில் எல்லா நிறத்தையும் ஓரளவு நியாயமாகப் பதியும் பான்குரோமாட்டிக் சுருள் வந்தபோது, ஹால் ரோச் ஸ்டுடியோவில் கேமராமேனாக இருந்த இளைஞர் ஒருவர் அதைப் போட்டு லாரலுக்குக் கண் கொடுத்தார். பெயர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். பிற்பாடு ‘ஷேன்’, ‘ஜெயன்ட்’ எல்லாம் எடுத்த அதே பெரிய டைரக்டர். லாரல் அழுகிற முகத்துக்கு நாம் சிரிப்பதில் கால்வாசிப் புண்ணியம் அந்தச் சுருளுக்கு.

கே: என் மாமனார் தந்த பழைய ஸ்டில்லை லேமினேஷன் செய்து ஹாலில் மாட்டிவிட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது! – விருதுநகர் வாசகர்

ப: மாமனாருக்கு இன்னும் தெரியாதா? தெரிய வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி எடுக்க முடியாது. ஸ்டில் உள்ளே சமாதி. சந்தனப் பொட்டு வைக்கவில்லையே, அந்த மட்டும் சந்தோஷம்.

கே: படமே அழிந்துபோயிற்று, ஸ்டில் மட்டும் இருக்கிறது என்கிறார்களே, அப்படி உண்டா? – திருச்சி வாசகர்

ப: ஏராளம். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப் படங்கள் வந்தன. முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 சதவீதம் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சிரிப்புப் படங்களில் பெரும்பாலானவை குட்டைப் படங்கள். அவை இந்தக் கணக்கில் வரவே இல்லை.

உதாரணம் கேட்டால் ‘ஹேட்ஸ் ஆஃப்’, 1927. லாரலும் ஹார்டியும் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை நீளமான படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். முடிவில் ஊரே ஒருவர் தொப்பியை ஒருவர் தட்டிவிட்டுச் சண்டை. ஒரு பிரதிகூட இன்றுவரை அகப்படவில்லை. அதே படிக்கட்டில், இயந்திரத்துக்குப் பதில் பியானோவைத் தூக்கவைத்து 1932-ல் எடுத்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ ஆஸ்கர் வாங்கியது. அப்பா போனார், பிள்ளை பட்டம் வாங்கினான், அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஸ்டில்தான் இருக்கிறது.

தியேட்டர் வாசலில் ஒரு வாரம் தொங்கவிட்டுவிட்டுக் கழற்றிப் போடுவதற்காக எடுத்த தாள் அது. படம்தான் நிரந்தரம் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

கே: கேக் வீசும் சண்டை ஸ்டில்களைத் தனியாகச் சேர்க்கிறேன். எதில் தொடங்கலாம்? – ஈப்போ, மலேசியா வாசகர்

ப: வீசுவது கேக் அல்ல, பை. கிரீம் வைத்த பண்டம். தொடங்க வேண்டியது ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’, 1927. சுமார் 3,000 பை என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணியவர் முகத்திலும் ஒன்று விழுந்திருக்கும். இரண்டாம் ரீல் முழுசாகக் கிடைத்தது 2015-ல்தான். இன்றும் காணாத ஓர் இடத்தை ஸ்டில்லும் எழுத்தட்டையும் வைத்து ஒட்டுப்போட்டுக் காட்டுகிறார்கள்.

ஒரு கண்ணி உண்டு. அந்தச் சண்டையின் ஒரு பகுதியை 1957-ல் ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி’ என்ற தொகுப்புப் படத்தில் சேர்த்து வெளியிட்டார்கள். அதற்கும் ஸ்டில் அச்சிட்டார்கள். சண்டை 1927, தாள் 1957. விற்பவர் எந்த வருஷத்தைச் சொல்வார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கே: படத்தில் இல்லாத காட்சி ஸ்டில்லில் இருந்தால்? – காரைக்குடி வாசகர்

ப: கையை உதறாமல் வாங்குங்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) முதலில் யுத்த ஆலோசனை அறையில் ஜனாதிபதி முதல் தளபதி வரை எல்லோரும் பை வீசிக்கொள்வதாகத்தான் முடிந்தது. குப்ரிக் வெட்டிவிட்டார். ஆனால் செட்டில் ஸ்டில் எடுக்க வந்திருந்தவர் வீஜீ. நியூயார்க்கில் கொலை நடந்த இடங்களுக்கெல்லாம் ராத்திரியில் ஓடி ஓடிப் படமெடுத்துப் பெயர் வாங்கிய ஆசாமி. தளபதிகள் கிரீமில் குளித்து நிற்கும் படங்கள் அவர் தயவில் இருக்கின்றன. பிணங்களை எடுத்த கை பையையும் விடவில்லை.

கே: ஸ்டில் மூலையில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருக்கிறதே, போன் நம்பரா? – ஈரோடு வாசகி

ப: அடித்துப் பாருங்கள், ஹார்டி எடுத்தால் சொல்லுங்கள். அது தயாரிப்புக் குறியீடு. முதல் பாதி எந்தப் படம், கோட்டுக்குப் பின்னால் வருவது அந்தப் படத்தில் எத்தனையாவது ஸ்டில். ரிலீஸுக்கு முன்னால் படத்தின் பெயர் மாறும், எண் மாறாது. அடையாளம் தெரியாத ஸ்டில்லைக் கண்டுபிடிக்க நடிகர் முகத்தைவிட மூலையைப் பார்ப்பவர்தான் கெட்டிக்காரர்.

கே: நான் வாங்கிய ஸ்டில்லுக்குப் பின்னால் துணி ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் ஓட்டைகள். ஓட்டையை வெட்டிவிட்டு ஃப்ரேம் போடலாமா? – சிவகாசி வாசகர்

ப: கத்தரியைக் கீழே வையுங்கள்! ஸ்டுடியோ தன் கையிருப்புக்காக ஒரு படத்தின் ஸ்டில்களை வரிசையாகக் கோத்து வைத்த ‘கீ புக்’ பக்கம் அது. ஓட்டைதான் ஜாதகம். ஃப்ரேமை பெரிதாகச் செய்யுங்கள், மரம் மலிவு.

கே: பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப், ஒட்டிய துண்டுச் சீட்டு, சிவப்புப் பென்சில் கிறுக்கல். அழித்துவிடவா? – திண்டுக்கல் வாசகர்

ப: இன்னொரு கத்தரிக்காரர். துண்டுச் சீட்டு ஸ்டுடியோ எழுதிய விளக்கம். பென்சில் கோடு பத்திரிகைக்காரர் எவ்வளவு வெட்டிப் போடலாம் என்று போட்ட அளவு. முத்திரையில் தேதி இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. முன்பக்கத்தில் நடிகர் பொய் சொல்வார். பின்பக்கத்தில் குமாஸ்தா சொல்ல மாட்டார்.

கே: ஸ்டில்லுக்கும் சென்சார் இருந்ததா? – கொழும்பு வாசகி

ப: நன்றாக இருந்தது. 1930களில் ஹேய்ஸ் ஆபீஸ் என்ற ஒழுக்கக் காவலர்கள் விளம்பர ஸ்டில்களையும் பார்த்து முத்திரை குத்தித்தான் விட்டார்கள். 1940-ல் ஒயிட்டி ஷேஃபர் என்ற ஸ்டுடியோ போட்டோகிராபருக்குப் பொறுமை போயிற்று. என்னென்ன கூடாதோ அத்தனையையும் ஒரே படத்தில் அடுக்கினார். தோற்றுப்போன போலீஸ், செத்த மனிதன், துப்பாக்கி நீட்டும் உள்ளாடை அழகி, தொடை, மது, சூதாட்டம், போதைப்பொருள்... பத்து பாவம், ஒரு க்ளிக். பக்கத்தில் பத்துக் கட்டளைபோலப் பட்டியல் வேறு. எந்தப் படத்துக்கும் எடுத்த ஸ்டில் அல்ல அது. ஆனாலும் ஹாலிவுட்டின் ஆகச்சிறந்த காமெடி ஸ்டில் எது என்று என்னைக் கேட்டால், சாப்ளின் மன்னிக்கட்டும், இதைத்தான் சொல்வேன்.

கே: ஸ்டில் வாங்கினால் என் மனைவி முறைக்கிறாள். என்ன செய்ய? – பெயர் வேண்டாம், பெரம்பூர்

ப: அந்த முறைப்பை 8-க்கு 10-ல் எடுத்துவையுங்கள். பஸ்டர் கீட்டன் முகத்துக்கு ஜோடியாக மாட்டலாம்.

கே: பஸ்டர் கீட்டன் சிரிக்கிற ஸ்டில் போலி என்கிறார் நண்பர். – சேலம் வாசகர்

ப: நண்பருக்கு அவசரம். கல்முகம் பிற்பாடு வந்த முத்திரை. 1917-ல் ஆர்பக்கிளோடு நடித்த ‘கோனி ஐலண்ட்’ போன்ற ஆரம்பப் படங்களில் வாய்விட்டே சிரிக்கிறார். ஆகவே சிரிப்பு போலிக்கு அடையாளமல்ல, தேதிக்கு அடையாளம்.

தேதி பார்க்க முகங்களே போதும். மார்க்ஸ் சகோதரர்கள் நால்வர் என்றால் 1933 ‘டக் சூப்’ வரை. மூவர் என்றால் ஸெப்போ கழன்றுகொண்ட பிறகு. க்ரௌச்சோவுக்கு மையால் தீட்டிய மீசை என்றால் சினிமா, நிஜ மீசை என்றால் பெரும்பாலும் டிவிக் காலம்.

கே: கீட்டனின் ‘தி ஜெனரல்’ ரயில் கவிழும் ஸ்டில்லும் போஸ் கொடுத்ததுதானா? – விழுப்புரம் ஜங்ஷன் வாசகர்

ப: ரயில்காரர் கேள்வி, சரியாகப் பிடித்தீர்கள். நிஜ இன்ஜினை எரியும் பாலத்தில் ஓட்டி, ஓரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் பக்கத்து ஆற்றில் விழவைத்தார்கள். 1926 ஜூலை. அந்த ஒரு ஷாட்டுக்கு ஏறத்தாழ 42,000 டாலர். இன்ஜினிடம் ‘இன்னொருமுறை விழும்மா, அசையாமல் இரு’ என்று எந்த ஸ்டில் போட்டோகிராபரும் சொல்ல முடியாது. விழுந்து கிடக்கிற இன்ஜினோ ரொம்ப நல்ல மாடல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்காக அள்ளும் வரை வருஷக்கணக்காக அசையவில்லை.

கே: ஸ்டான் லாரல் கையெழுத்திட்ட ஸ்டில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது... – ஓசூர் வாசகர்

ப: மலிவு என்பது சந்தேகத்துக்குக் காரணமில்லை, லாரல் விஷயத்தில் மட்டும். ஓய்வுக் காலத்தில் சான்டா மோனிகாவில் இருந்தார். டெலிபோன் டைரக்டரியில் பெயரும் எண்ணும் பகிரங்கமாக இருந்தன. யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், எழுதலாம். மனிதர் சலிக்காமல் பதில் எழுதினார், கையெழுத்துப் போட்டார். அதனால் நிஜக் கையெழுத்தே நிறைய.

ஹார்டி 1957-ல் போய்விட்டார். இருவர் கையெழுத்தும் ஒரே தாளில் என்றால் விலை எகிறும், போலியும் எகிறும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நடிகர் பெயரைக் காரியதரிசி அழகாகப் போட்டு அனுப்புவதும் வழக்கம். கையெழுத்து ரொம்ப நேர்த்தியாக இருந்தால், போட்டவர் சம்பளத்துக்குப் போட்டிருக்கிறார்.

கே: ‘சம் லைக் இட் ஹாட்’ கறுப்பு வெள்ளைப் படம். கலர் ஸ்டில் விற்கிறார்களே, மோசடிதானே? – ஊட்டி வாசகி

ப: அவசரப்பட்டு போலீஸைக் கூப்பிடாதீர்கள். 1959-ல் ஸ்டில்காரர்கள் கலரிலும் எடுத்தார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கே காரணம், பெண் வேஷம் போட்ட டோனி கர்டிஸுக்கும் ஜாக் லெம்மனுக்கும் பூசிய மேக்கப் கலரில் பச்சையடித்ததுதான். கலரில்தான் நடிப்பேன் என்று ஒப்பந்தம் வைத்திருந்த மர்லின் மன்றோவையே பில்லி வைல்டர் அதைக் காட்டிச் சம்மதிக்க வைத்தார். கலர் ஸ்டில் கிடைத்தால் கன்னத்தைக் கவனியுங்கள்.

கே: காந்தியும் சாப்ளினும் இருக்கும் போட்டோவைச் சேர்க்கலாமா? – வேலூர் வாசகர்

ப: தாராளமாக. ஆனால் அது ஸ்டில் இல்லை, பத்திரிகைப் படம். 1931 செப்டம்பர், லண்டன். வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தியை சாப்ளின் தேடிப்போய்ப் பார்த்து இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். ஐந்து வருஷம் கழித்து ‘மாடர்ன் டைம்ஸ்’. ஆல்பத்தில் தனிப் பக்கம் கொடுங்கள். அந்த அறையில் யாருக்கும் மேக்கப் இல்லை.

கே: லாபி கார்டு, ஸ்டில் – இரண்டும் ஒன்றுதானே? – மாயவரம் வாசகர்

ப: லாபி கார்டு 11-க்கு 14 அங்குலம், அட்டையில் அச்சுக்கூடத்தில் மையால் அடித்தது, வழக்கமாக எட்டு கொண்ட செட். ஸ்டில் என்பது போட்டோவே, டார்க் ரூமில் கழுவியது. பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளி இல்லாவிட்டால் போட்டோ. கண்ணாடியே இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கே: ‘தி கோல்ட் ரஷ்’ ஸ்டில். பின்னால் 1942 என்று இருக்கிறது. படம் 1925 அல்லவா? – தூத்துக்குடி வாசகர்

ப: இரண்டும் சரி. 1942-ல் சாப்ளினே குரல் கொடுத்து, இசை சேர்த்து மறுபடி வெளியிட்டார். உங்களுடையது அந்த வெளியீட்டுக்கு ஒரிஜினல். 1925-க்கு அல்ல. ஷூவைத் தின்னும் காட்சி என்றால் வருத்தப்படாதீர்கள். அதிமதுர மிட்டாயில் செய்த ஷூ, இரண்டு வருஷத்திலும் ஒரே ருசி.

கே: இன்டர்நெட்டில் இறக்கி நல்ல தாளில் பிரிண்ட் போட்டால் யாருக்குத் தெரியும்? – சென்னை, ஐ.டி. தம்பி

ப: உனக்குத் தெரியும் தம்பி. போதாதென்றால் ஊதா விளக்குக்குத் தெரியும்.

கே: என்னிடமுள்ள சாப்ளின் ஸ்டில்லை டி-ஷர்ட்டில் அடித்து விற்கலாமா? – திருப்பூர் வாசகர்

ப: திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். தாள் உங்களுடையது, உரிமை உங்களுடையதல்ல. இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் படைப்புக்கு அதிகபட்சம் 95. அது முடிந்தாலும் சாப்ளினின் உருவத்துக்கும் பெயருக்கும் தனியாக உரிமை கொண்டாடும் நிறுவனம் உண்டு. தொப்பி, தடி, மீசை மூன்றும் வக்கீல் வைத்திருக்கின்றன.

கே: பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் வாசனை! – ஆம்பூர் வாசகர்

ப: வினிகர் வாசனை. அசிடேட் நெகட்டிவ் அழுகத் தொடங்கிவிட்டது. மற்றதிலிருந்து பிரித்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஆனால் பசபசவென்று மஞ்சளாக, காட்டமான நெடியோடு இருந்தால் விளையாடாதீர்கள். நைட்ரேட். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்வதால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1943-ல் ஹரால்ட் லாயிட் பங்களாவில் இருந்த படக் கிடங்கு வெடித்து, அவர் ஆரம்பக் காலத்தில் நடித்த ‘லோன்சம் லூக்’ படங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. தாள் பிரிண்டுக்கு அந்தப் பயம் இல்லை.

கே: சென்னைப் புழுக்கத்தில் எப்படிப் பாதுகாப்பது? – திருவான்மியூர் வாசகி

ப: கடல் பார்த்த வீடு ஸ்டில்லுக்குச் சொர்க்கமல்ல. பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், வழுவழு பி.வி.சி. ஆல்பம் வேண்டாம். அமிலமில்லாத அட்டைப்பெட்டி. சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ கூடாது. போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. சாப்ளின் முகம் என்று பார்க்காது, முதலில் மீசையைத் தின்னும். செல்லோடேப்பை எடுப்பவர் கையைத் தட்டிவிட உங்களுக்கு அதிகாரம் உண்டு.

கே: நம் ஊரில் ஸ்டில் சேர்த்தவர் யாராவது உண்டா, இல்லை எல்லாம் வெள்ளைக்காரன் வேலையா? – ராமநாதபுரம் வாசகர்

ப: ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ மூலம் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனவர். ஸ்டில், பாட்டுப் புத்தகம், தகவல் என்று ஒற்றை ஆளாகச் சேர்த்தார். பிறகு அந்தச் சேகரிப்பு தமிழக அரசுக்குப் போயிற்று. இங்கே பட முதலாளிகள் பலர் நெகட்டிவையே காப்பாற்றவில்லை. ஸ்டில்லையா காப்பாற்றியிருப்பார்கள்? அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் ஒரு கோடிக்கும் மேல் புகைப்படங்கள். நமக்கு ஓர் ஆனந்தன்.

கே: ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் ஸ்டில் கிடைத்தது. சிரிப்பே வரவில்லையே? – மன்னார்குடி வாசகர்

ப: எப்படி வரும்? ஒருவர் பயமுறுத்துகிறார், ஒருவர் பயப்படுகிறார். சத்தத்தை எடுத்துவிட்டால் அது பேய்ப் படம். பேச்சில் நிற்கும் காமெடி ஸ்டில்லில் நிற்காது. ‘சபாபதி’ (1941) காளி என். ரத்னம் முகம் வேறு கதை, அது தாளிலும் சிரிக்க வைக்கும். மௌனப் படக்காரர்கள் ஸ்டில் சந்தையில் இன்னும் ராஜாவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அவர்களிடம் ஆரம்பத்திலிருந்தே குரல் இல்லை, ஸ்டில்லில் இழக்கவும் எதுவும் இல்லை.

கே: முதலீடாக ஸ்டில் வாங்கலாமா? – மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி

ப: நட்சத்திரம், காட்சி, தாளின் வயசு, நிலைமை – விலையை இந்த நான்கும் தீர்மானிக்கும். லாயிட் கடிகாரத்தில் தொங்கினால் ஒரு விலை, அதே படத்தில் துணிக்கடையில் நின்றால் வேறு விலை. வட்டி வேண்டுமென்றால் உங்கள் பழைய வங்கிக்கே போங்கள், அங்கே சிரிப்பு வராது.

கே: ‘கிழட்டு வயசில் கோமாளிகள் படம் சேர்க்கிறான்’ என்று சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பெரியப்பா! – நாமக்கல் வாசகர்

ப: வாசலில் ஒரு ஸ்டில்லைத் தொங்கவிட்டு டிக்கெட் கிழியுங்கள்.